வேம்பை வேரோடு பெயர்த்து நட்ட குழு: தேவகோட்டையிலிருந்து ஒரு மதிப்பீடு

மரத்தை வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நட்டுத் தருகிறவர்களைத் தேடுவோர் முதலில் விசாரிப்பது கிரேனைப் பற்றித்தான். எத்தனை டன் தூக்கும், தெருவுக்குள் நுழையுமா, மதிலை இடிக்காமல் வெளியே எடுக்க முடியுமா என்று கேட்பார்கள். மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவள் என்பதால் நான் கேட்டது வேறு: “இலைகளை என்ன செய்வீர்கள்?” விசாரித்த குழுக்களில் ஒன்றிடமிருந்துதான் நேரான பதில் வந்தது. “பாதிக்கு மேல் கழித்துவிடுவோம் டீச்சரம்மா. மரம் மொட்டையாக நிற்பதைப் பார்த்து நீங்கள் வருத்தப்படக் கூடாது” என்றார் அதன் மேஸ்திரி. அவர்களையே அமர்த்தினோம். அக்கினி நட்சத்திரம் முடிந்து, மரம் புது இடத்தில் ஒரு கோடையைக் கடந்துவிட்ட பிறகு இதை எழுதுகிறேன். அதற்கு முன்னால் எழுதியிருந்தால் பாராட்டு மட்டும்தான் இருந்திருக்கும். அது பாதி உண்மையாகவே இருந்திருக்கும்.

மரம், எங்கள் வளவு வீட்டின் பின்கட்டில் கிணற்றடியில் ஆத்தா கொட்டை போட்டு வளர்த்த வேம்பு. பங்காளிகள் கூடி, இற்றுப்போன சமையல் கட்டை இடித்துப் புதிதாகக் கட்டுவது என்று முடிவானபோது அஸ்திவாரக் கோடு சரியாக மரத்தின் மேல் விழுந்தது. வெட்டிவிடலாம் என்பதுதான் பெரும்பான்மைப் பேச்சு. கண்டதேவி போகும் சாலையில் இருக்கும் எங்கள் தோட்டத்துக்குக் கொண்டுபோகும் செலவு என்னுடையது என்று சொன்ன பிறகு யாரும் மறுக்கவில்லை. அடிமரம் ஒரு சாண் குறுக்களவு, உயரம் சுமார் 30 அடி. மொத்தச் செலவு, கிரேன், லாரி உட்பட 42,000 ரூபாய். அதை மூன்று தவணையாகக் கேட்டார்கள். கடைசித் தவணையைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டியது இருக்கிறது.

முதல் முறை வந்து பார்த்தபோது மேஸ்திரி அடிமரத்தைத் தொடுவதற்கு முன் அண்ணாந்து தழையைப் பார்த்தார். அதுவே எனக்கு நம்பிக்கை தந்தது. ஆனால் அவர் எழுதிக் கொடுத்த மதிப்பீட்டில் வேர்மண் உருண்டையின் குறுக்களவு 4 அடி என்று இருந்தது. அது போதாது. அடிமரத்தின் குறுக்களவைப் போல் 8 முதல் 10 மடங்கு வரை உருண்டை இருக்கவேண்டும் என்பது மரம் பெயர்ப்பவர்களின் பொதுவான கணக்கு. ஒரு சாண் மரத்துக்கு 6 அடியாவது வேண்டும். ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், நீரை உறிஞ்சுவது நம் கண்ணுக்குத் தெரியும் தடித்த வேர் கிடையாது. அது மரத்தைப் பிடித்துக்கொள்ளும், நீரைக் கடத்தும், மாவுச்சத்தைச் சேர்த்து வைக்கும். உறிஞ்சும் வேலை பெரும்பாலும் இளவேர்களின் நுனிக்குச் சற்றுப் பின்னால், ஒற்றைச் செல் நீண்டு உருவான வேர்த்தூவிகளில் நடக்கிறது. அந்த நுனிகள் அடிமரத்திலிருந்து வெகுதூரத்தில் இருக்கின்றன. 4 அடியில் வெட்டினால் கட்டையைக் கொண்டுபோகலாம், வாயை இங்கேயே விட்டுவிட்டுப் போவோம். 6 அடி என்றால் மண்ணோடு 3 டன்னுக்கு மேல் எடை வரும், பெரிய கிரேன் வேண்டும் என்றார்கள். சரி என்றேன். விலை கூடியது அதனால்தான்.

இந்தக் குழுவிடம் எனக்கு மிகவும் பிடித்தது அவர்களுடைய பொறுமை. வைகாசியில் நாங்கள் கூப்பிட்டோம். புரட்டாசிக்கு முன் தூக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கட்டட வேலை தள்ளிப்போகிறது என்று அண்ணன் சத்தம் போட்டும் அசையவில்லை. ஆனியில் வந்து, உருண்டையின் விளிம்பில் அரைவட்டமாக மட்டும் அகழி வெட்டி, குறுக்கே வந்த வேர்களை ரம்பத்தால் சுத்தமாக அறுத்து, மணலும் மக்கிய எருவும் கலந்து மூடினார்கள். ஆடி கடைசியில் மறுபாதி. அறுபட்ட வேர் சும்மா இருப்பதில்லை. வெட்டுவாய்க்குப் பின்னாலிருந்து மெல்லிய வேர்களைக் கொத்தாக விடுகிறது. ஆக, தூக்கும் நாளில் உருண்டைக்குள்ளேயே புதிய வாய்கள் தயாராக இருக்கும். ஒரே நாளில் நான்கு பக்கமும் வெட்டித் தூக்கித் தருகிறோம் என்று பாதி விலைக்குச் சொன்னவர்களும் இருந்தார்கள். அந்த மலிவு இங்கேதான் வருகிறது.

எங்கள் பக்கத்து மண் இதற்கு ஒத்துழைக்காது என்பதையும் சொல்லவேண்டும். மேலே செம்மண், ஓரிரு முழம் இறங்கினால் செம்புறாங்கல். கடப்பாரை தெறிக்கும். அகழி வெட்ட வந்தவர்கள் இயந்திரத்தை உள்ளே விட்டிருந்தால் ஒரு மணி நேரத்தில் முடித்திருக்கலாம். ஆனால் வாளி பிடித்து இழுக்கும்போது வேர் நார்நாராகக் கிழியும். கையாலேயே வெட்டினார்கள். வெட்டுவாய்களில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ பசையைத் தடவினார்கள். முழு மதிப்பெண்.

இனி இலைக்கு வருகிறேன். தூக்குவதற்கு முதல் நாள், ஏணி வைத்து ஏறி, மூன்றில் இரண்டு பங்குத் தழையைக் கழித்தார்கள். தெருவில் போனவர்கள் நின்று “பச்சை மரத்தை இப்படியா கொல்வது” என்று கேட்டார்கள். உண்மையில் மரத்தைக் காப்பாற்றியது அந்த அரிவாள்தான். மரத்துக்குள் நீரை ஏற்றுவது இலை. வேரில் மோட்டார் எதுவும் கிடையாது. இலையின் அடிப்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. கரியமில வாயு உள்ளே வருவதற்காக மரம் அவற்றைத் திறக்கிறது, திறந்த வழியே நீராவி வெளியே போகிறது. வேர் உறிஞ்சும் நீரில் 97 முதல் 99 விழுக்காடு வரை இப்படியே காற்றில் கலந்துவிடுகிறது. மரம் உடலாக்கிக்கொள்வது மிச்சம் இருக்கும் கொஞ்சத்தைத்தான். ஒவ்வொரு துளி ஆவியாகும்போதும் அதன் இடத்துக்குப் பின்னால் இருக்கும் நீர் இழுக்கப்படுகிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொள்வதால் அந்த இழுவை இலை நரம்பு, காம்பு, கிளை, அடிமரம் என்று இறங்கி வேர் நுனி வரை போகிறது. கிணற்றில் தாம்புக்கயிற்றின் மேல்முனையைப் பிடித்து இழுத்தால் அடியில் இருக்கும் வாளி வருகிறதே, அதுபோல. 1894-இல் டப்ளினில் டிக்சனும் ஜோலியும் முன்வைத்த விளக்கம் இது. 11-ஆம் வகுப்பில் நான் இதை நடத்தும்போது பிள்ளைகள் நம்பமாட்டார்கள். கிணற்று மேட்டில் வைத்த மோட்டார் 25 அடிக்குக் கீழே உள்ள தண்ணீரை உறிஞ்சத் திணறுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். காற்றழுத்தம் தாங்கும் நீர்த்தம்பத்தின் உயரமே 10.3 மீட்டர்தான். அதற்கு மேல் உறிஞ்சி ஏற்றவே முடியாது. ஆனால் கலிஃபோர்னியாவில் ரெட்வுட் என்ற ஊசியிலை மரம் ஒன்று 115 மீட்டருக்கு மேல் நிற்கிறது. அதன் உச்சி இலைக்கும் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. நீர் இழுபட்ட நிலையில், அதாவது எதிர் அழுத்தத்தில், அறுபடாமல் நிற்பதால்தான் அது நடக்கிறது. 1965-இல் ஷோலாண்டரும் அவருடைய குழுவினரும் கிளைகளை அழுத்தக் கலத்தில் வைத்து அந்த இழுவிசையை அளந்தே காட்டினார்கள்.

இப்போது வேரில் பெரும்பகுதியை வெட்டிவிட்டு இலைகளை அப்படியே விட்டால் என்ன ஆகும்? மேலே இழுப்பு குறையாது, கீழே வரத்து இல்லை. இழுவிசை ஏறிக்கொண்டே போய், நீரை ஏற்றும் சைலக் குழாயில் நீர்த்தம்பம் அறுபட்டு அந்த இடத்தில் காற்றுக் குமிழி உட்கார்ந்துகொள்ளும். அந்தக் குழாய் அதற்கப்புறம் உதவாது. பக்கத்துக் குழாய்களுக்கு நடுவே உள்ள குழிகளின் மெல்லிய சவ்வு குமிழியை ஓரளவு தடுக்கும். ஆனால் குழாய் குழாயாகப் போய்க்கொண்டிருந்தால் கிளை நுனியிலிருந்து காயத் தொடங்கிவிடும். அதனால்தான் தழையைக் கழிப்பது. முழுக்க மொட்டையடிக்காமல் ஆங்காங்கே சில கொத்துகளை விட்டதும் சரியே: புதுவேர் பிடிக்கச் சர்க்கரை வேண்டும், தளிர் நுனிகளில் உருவாகிக் கீழே இறங்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனும் வேண்டும். எவ்வளவு விடுவது என்பதில் மேஸ்திரியின் கண் பழகியிருக்கிறது. கிளைகளைக் கண்டபடி தறிக்காமல், கவட்டை ஒட்டி, மரம் தானாக ஆறிக்கொள்ளும் இடத்தில் வெட்டினார்.

அந்த வேலையின் நடுவே ஒரு வயதான தொழிலாளி, அடிமரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். “நாடி ஓடுகிறது ஆச்சி, இது பிழைத்துக்கொள்ளும்” என்றார். எனக்கு உடனே ஜகதீச சந்திர போஸ் நினைவுக்கு வந்தார். தண்டின் உட்புறணியில் இருக்கும் உயிருள்ள செல்கள் துடித்துத் துடித்துச் சாற்றை மேலே தள்ளுகின்றன என்று கல்கத்தாவில் மின்முனையைச் செருகிச் சோதித்து, 1923-இல் எழுதினார். அந்தக் கோட்பாடு நிலைக்கவில்லை. அவருக்கு முன்பே, 1890-களில், ஸ்ட்ராஸ்பர்கர் என்ற தாவரவியலாளர் அறுத்த மரத்தின் அடியை நஞ்சு கலந்த நீரில் நிற்கவைத்துப் பார்த்திருந்தார். தண்டின் செல்கள் செத்த பிறகும் நீர் ஏறிக்கொண்டே இருந்தது. சைலக் குழாய்களே செத்த செல்களால் ஆனவைதானே. ஆனாலும் செடிக்குள் என்ன நடக்கிறது என்பதை அளந்தே தீரவேண்டும் என்று கருவி மேல் கருவியாகச் செய்தவர் போஸ். அந்தப் பெரியவரின் கையைப் பார்த்தபோது அந்தத் தாகம்தான் தெரிந்தது. அவரிடம் இதையெல்லாம் சொன்னேன். வேலை முடியும் வரை கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார்.

தூக்கிய நாள்தான் குழுவுக்குச் சறுக்கிய நாள். மாலை 4 மணிக்கு மேல் தூக்குவதாகப் பேச்சு. வாடகைக்கு எடுத்த கிரேனை வேறொரு வேலைக்கு அனுப்ப வேண்டும் என்று, காலை 11 மணிக்கே உருண்டையை வெளியே எடுத்துத் தரையில் வைத்துவிட்டார்கள். லாரி வந்ததோ மூன்று மணிக்கு. புரட்டாசி வெயில் பொன்னுருகக் காயும் என்பது எங்கள் ஊரில் சிறுபிள்ளைக்கும் தெரியும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியை வைத்துக்கொள்ளும். 40 டிகிரியில் 51 கிராம். வெயில் ஏற ஏறக் காற்றின் தாகம் எப்படிக் கூடுகிறது என்பதற்கு இதைவிட வேறு கணக்கு வேண்டாம். அத்தனை மாதம் காத்திருந்து செய்த வேலையை அந்த நான்கு மணி நேரம் கெடுத்திருக்கும். ஈரச் சாக்குகளை உருண்டையின் மேலும் அடிமரத்தைச் சுற்றியும் கட்டி, திரும்பத் திரும்பத் தண்ணீர் தெளிக்கச் சொல்லி நான் பக்கத்திலேயே நின்றேன். மேஸ்திரி வருத்தம் தெரிவித்தார். ஆனால் கிரேன் சொந்தமாக இல்லாத குழுவிடம் இது மறுபடியும் நடக்கும் என்றே நினைக்கிறேன். ஒப்பந்தத்தில் தூக்கும் நேரத்தை எழுதி வாங்குங்கள்.

தூக்கிய விதத்தில் மட்டும் குறை சொல்ல முடியாது. பட்டையில் சங்கிலி படவே இல்லை. அகலமான துணிப் பட்டைகளை உருண்டைக்கு அடியில் கொடுத்துத் தூக்கினார்கள். நீர் ஏறும் சைலம் உள்ளே கட்டையில் இருக்கிறது. இலை செய்த உணவு இறங்கும் புளோயம் பட்டையோடு ஒட்டி இருக்கிறது. கயிறு சுற்றிலும் அறுத்துவிட்டால் மரம் உடனே வாடாது, தண்ணீர் போய்க்கொண்டுதான் இருக்கும். வேர்தான் பட்டினி கிடந்து மெல்லச் சாகும். அப்படிப் போன மரங்களை நம் ஊர்ச் சாலையோரங்களில் நிறையப் பார்க்கலாம். லாரியில் ஏற்றியதும் மிச்சம் இருந்த தழையைப் பச்சை வலையால் போர்த்திக் கட்டினார்கள். ஓடும் வண்டியில் காற்று, இலையை ஒட்டி நிற்கும் ஈரமான மெல்லிய படலத்தை அடித்துக்கொண்டு போய்விடும். வலை அதைத் தடுக்கும். கிழக்குப் பக்கத்தைச் சுண்ணாம்பால் குறித்து வைத்து, தோட்டத்திலும் அந்தப் பக்கம் கிழக்கே பார்க்கும்படி நட்டார்கள். இத்தனை நாள் மேற்கு வெயில் பட்டுப் பழகாத பட்டை திடீரென்று வெந்துபோகாது. நான் சொல்லாமலேயே செய்தார்கள்.

குழியில் வைத்த பிறகு எங்களுக்குள் ஒரு வாக்குவாதம். சேற்றுக் குழம்பாகக் கரைத்து ஊற்றி உருண்டைக்கும் குழிக்கும் நடுவில் காற்று இடைவெளி இல்லாமல் நிரப்பினார்கள். அதுவரை சரி. வேர் மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் நீர் தொடர்ந்து வரும். அதன் பிறகு குழாயைத் திறந்துவிட்டு, குழி நிரம்பி வழியும்வரை விட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள். தினமும் இப்படியே நிரப்புங்கள் என்பதுதான் அவர்களுடைய அறிவுரையும். செம்புறாங்கல்லில் வெட்டிய குழியில் தண்ணீர் சீக்கிரம் இறங்காது. தேங்கினால் வேருக்கு மூச்சுக்காற்று கிடைக்காது. பிராணவாயு இல்லாத வேரின் செல் சவ்வுகளில் நீர் நுழையும் வாயில்கள் மூடிக்கொள்கின்றன. அக்வாபோரின் என்ற அந்தப் புரதத்தை 1992-இல் கண்டறிந்ததற்காகத்தான் பீட்டர் ஏகர் 2003-இல் நோபல் பரிசு பெற்றார். வாயில் மூடிவிட்டால் கழுத்தளவு தண்ணீரில் நின்றபடியே மரம் வாடும். வாடுகிறதே என்று இன்னும் தண்ணீர் விடுவோம். புதிதாக நட்ட மரங்களில் பல இப்படித்தான் போகின்றன. நான் ஆட்களை வைத்துச் சரிவான பக்கம் குழியின் அடியிலிருந்து ஒரு வடிகால் வெட்டினேன். மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, ஈரம் குறைந்தால் மட்டும் ஊற்றினோம். ஐப்பசி அடைமழையில் அந்த வடிகால் இல்லாமல் மரம் நின்றிருக்காது என்று உறுதியாகச் சொல்வேன். இதைக் குழு கற்றுக்கொள்ள வேண்டும். காவிரிப் படுகை வண்டலுக்குச் சரியாக இருக்கும் அறிவுரை செட்டிநாட்டுச் செம்புறாங்கல்லுக்குச் சரிவராது.

கூடுதல் கட்டணத்துக்கு அவர்கள் விற்கும் இரண்டு பொருட்களை வாங்க வேண்டாம். ஒன்று, இலையில் தெளிக்கும் வெள்ளை மருந்து. கயோலின் களிமண்ணைக் கரைத்தது. வெயிலைத் திருப்பியனுப்பி இலைச் சூட்டைக் குறைக்கும். பயிருக்கு அது பயன்படுவது உண்மை. ஆனால் மூன்றில் இரண்டு பங்குத் தழை போன மரத்தில், மிச்சத்துக்கு மேலே நிழல்வலையும் கட்டிய பிறகு அதற்கு வேலை இல்லை. இன்னொன்று வேர் ஊக்கி என்ற தூள். போத்து நடுவதற்கு ஊக்கி உதவும். இரண்டு மாதம் முன்பே அகழி வெட்டி வேர் விடவைத்த உருண்டைக்கு எதற்கு? அந்தப் பணத்துக்கு இன்னும் சில சாக்குகளும், அடிமரத்தில் சுற்ற வைக்கோல் புரியும் வாங்கலாம்.

கடைசித் தவணைக்கு வருகிறேன். ஒப்பந்தத்தில் ‘தளிர் விட்டதும் பாக்கித் தொகை’ என்று அச்சடித்திருந்தார்கள். கேட்பவருக்கு நியாயமாகவே தோன்றும். ஐப்பசியில், நட்டு ஒரு மாதத்துக்குள், வெட்டிய கிளைகளில் செம்பழுப்பாகத் தளிர் வந்தது. படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள், பாக்கியைக் கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை. முதல் தளிர் எதையும் நிரூபிப்பதில்லை. அடிமரத்திலும் கிளையிலும் சேமித்து வைத்த மாவுச்சத்தையும் நீரையும் கொண்டே ஒரு மரம் தளிர்த்துவிடும். வெட்டிப்போட்ட பூவரசங் கட்டை மழையில் துளிர்ப்பதை யார்தான் பார்க்கவில்லை? வேர் பிடிக்காமல் தளிர்த்த மரம், இருப்பு தீர்ந்ததும், மழை ஓய்ந்து தை வெயில் ஏறும்போது அப்படியே கருகும். அப்போது குழுவைக் கூப்பிட்டால், தளிர்த்த மரத்தை நீங்கள் காயவிட்டீர்கள் என்பார்கள். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. தளிரை வெற்றி என்று மனமார நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு நாம் பணம் கொடுக்கவேண்டியதில்லை.

வேர் வேலை செய்கிறதா என்று பார்க்க, பள்ளியில் செய்துகாட்டிய சோதனையே போதும். காலையில், தளிர் முற்றிய ஒரு கொத்தின் மேல் ஒளி ஊடுருவும் பாலிதீன் பையைப் போட்டு வாயை நூலால் இறுக்கிக் கட்டுங்கள். அதே அளவுள்ள இன்னொரு பையை, அருகில் வெகுநாளாக வேரூன்றி நிற்கும் ஒரு வேம்பின் கொத்தில் கட்டுங்கள். இலை எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். நண்பகலுக்கு முன் அவிழ்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே இலை வெந்துவிடும். ஐப்பசி முடிவில் எங்கள் மரத்தின் பையில் புகைபோல ஈரம் படிந்திருந்தது, வேலியோர வேம்பின் பையிலோ துளிகள் உருண்டு மூலையில் தேங்கியிருந்தன. இலைத்துளைகளைத் திறந்து மூடும் காப்புச் செல்கள் மூடியே இருக்கின்றன என்று அதற்குப் பொருள். வேரிலிருந்து போதிய நீர் வராதபோது அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் இலைக்கு வந்து, காப்புச் செல்களிலிருந்து பொட்டாசியத்தை வெளியேற்ற, அவை தளர்ந்து துளையை அடைத்துவிடும். மரம் தன்னைக் காத்துக்கொள்கிறது; ஆனால் துளை மூடியிருக்கும்வரை உணவும் இல்லை. தை மாதத்தில் மறுபடி கட்டினேன். இரண்டு பைகளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பையின் மூலையில் தேங்கிய அந்த நீரைப் பார்த்து நான் அடைந்த மகிழ்ச்சியை எந்தப் பூவும் எனக்குக் கொடுத்ததில்லை.

பை கட்ட முடியாதவர்கள் விடியற்காலையில் போய் இலையைப் பார்த்தாலே போதும். நண்பகலில் துவண்ட இலை விடிவதற்குள் நிமிர்ந்துவிட்டால் பயமில்லை. இரவில் துளைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். வேர் அந்த நேரத்தில் இழந்ததை ஈடுகட்டிவிடுகிறது. விடியும்போதும் துவண்டே இருந்தால் கோளாறு வேரில் இருக்கிறது.

பராமரிப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். நட்ட பிறகு மாதம் ஒருமுறை வந்து பார்ப்பதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். முதல் மாதம் மேஸ்திரியே வந்தார். பிறகு போனோடு சரி. மாசியில் இலைகள் மஞ்சளித்துக் கொட்டியதைப் படமெடுத்து அண்ணன் அவர்களுக்கு அனுப்பியபோது, மரம் கைவிட்டுப் போகிறது, உடனே தண்ணீரைக் கூட்டுங்கள் என்று பதில் வந்ததாம். மாசி, பங்குனியில் வேம்பு இலை உதிர்த்துப் புதிதாகத் தழைக்கும் என்பது மரத்தோடு பழகுகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். போனில் பதில் சொன்னவர் மேஸ்திரி இல்லை, அலுவலகத்துப் பையன் என்று பிறகு தெரிந்தது. மரம் வைத்திருப்பவர்கள் அந்த நேரத்தில் எவ்வளவு கலங்கிப்போயிருப்பார்கள் என்பதை நினைத்தாவது, விவரம் தெரிந்தவரைப் பேசவிட வேண்டும்.

பங்குனியில் வந்த தளிர் அக்கினி நட்சத்திரத்தைத் தாங்கியது. உச்சியில் இரண்டு கிளைகள் காய்ந்தன, மற்றவை தழைத்துவிட்டன. வைகாசி கடைசியில் பாக்கித் தொகையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ‘தளிர் விட்டதும்’ என்ற வரியை ‘ஒரு கோடை கழிந்ததும்’ என்று மாற்றுங்கள் என்று மேஸ்திரியிடம் சொன்னேன். அத்தனை மாதம் பணத்தை நிறுத்திவைத்தால் ஆட்களுக்குக் கூலி எப்படிக் கொடுப்பது என்று கேட்டார். கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. பாக்கித் தொகையைச் சிறியதாக வைத்துக்கொண்டு, அதைக் கோடை வரை நிறுத்திவைப்பது இருவருக்கும் பொருந்தும் என்று பேசி முடித்தோம். அடுத்து அவர்களை அமர்த்துகிறவர்கள் இதைக் கேட்டு எழுதி வாங்கலாம்; ஒப்புக்கொள்வார்கள்.

அரசு, ஆல், பூவரசு, வேம்பு என்றால் தயங்காமல் இவர்களைக் கூப்பிடுங்கள். எங்கள் தெருக்கோடியில் இருக்கும் ஒரு பெரிய புளியமரத்தையும் பெயர்க்க முடியுமா என்று அதன் உரிமையாளர் கேட்டபோது, மேஸ்திரி அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, முடியாது என்று சொல்லிவிட்டார். இந்த வயதுப் புளி இவ்வளவு வேரை இழந்தால் பிழைப்பது அரிது, உங்கள் பணத்தை வாங்கிக்கொண்டு மரத்தைக் கொல்ல எனக்கு மனமில்லை என்றார். முன்பணத்தோடு வந்து நின்றவரிடம் அப்படிச் சொன்னார். அந்த வீட்டுக்காரர் இப்போது கட்டட வரைபடத்தை மாற்றச் சொல்லி என்ஜினீயரிடம் பேசிக்கொண்டிருக்கிறார்.